பொருளுக்குள் பொருள்: சீனப் பரிசுகள் பேசும் மொழி

சிங்கப்பூர் வந்த புதிதில், உடன் வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் புதுவீடு போனார். நம் ஊரில் கிரகப்பிரவேசம் என்றால் யோசிக்காமல் வாங்குவது சுவர்க்கடிகாரம். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த கடிகாரக் கடையில் ஒன்றை எடுத்து, பரிசுத்தாளில் சுற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டிய சீனர். "யாருக்கு?" என்று கேட்டார். சொன்னதும் கையில் எடுத்த தாளைக் கீழே வைத்துவிட்டார். "உங்கள் ஆட்களுக்கு என்றால் தாராளமாகக் கொடுங்கள். சீன வீட்டுக்குக் கடிகாரம் கொண்டுபோகக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவரிடம் ஒரு நாணயமாவது வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது அது பரிசு இல்லை, விற்பனை" என்றார். விற்கவேண்டிய பொருளை விற்காமல் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு ஒரு தேநீர்க் கோப்பை செட்டோடு நண்பர் வீட்டுக்குப் போனேன். கடைக்காரர் சொன்ன அந்த ஒற்றை நாணயம்தான் பல நாள் மனதில் உருண்டுகொண்டிருந்தது.

காரணம் கடிகாரத்தில் இல்லை, அதன் பெயரில் இருக்கிறது. சீன மொழியில் சுவர்க்கடிகாரத்துக்கு 'ஜோங்' என்று பெயர். 'சோங் ஜோங்' என்றால் கடிகாரம் கொடுப்பது. அதே ஒலியில், வேறு எழுத்தில், 'சோங் ஜோங்' என்றால் பெற்றவரின் கடைசி மூச்சின்போது அருகிருந்து வழியனுப்புவது. கடிகாரத்தை நீட்டும் கை, கேட்பவரின் காதில் சாவுச்சடங்கை நீட்டுகிறது. கைக்கடிகாரத்துக்கு 'பியாவ்' என்று வேறு பெயர் இருப்பதால், பலர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. பழுதெல்லாம் அந்த ஒரு அசையில்தான்.

குடையும் அப்படித்தான், அதன் பெயரான 'சான்', பிரிந்து சிதறுவதையும் நினைவூட்டுகிறது. பேரிக்காய் 'லி', பிரிவும் 'லி'. அதனால் கணவனும் மனைவியும் ஒரு பேரிக்காயை இரண்டாக வெட்டிப் பங்கிட மாட்டார்கள். நான்கு என்ற எண்ணின் ஒலி மரணத்தின் ஒலியோடு நெருங்குகிறது, எட்டின் ஒலி செழிப்பின் ஒலியோடு. சிங்கப்பூரில் வாகன எண்ணிலிருந்து வீட்டு எண் வரை இந்தக் கணக்கு ஓடுகிறது.

தமிழருக்கு இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. நமக்குச் சிலேடை இருக்கிறது. ஒரே சொல் இரு பக்கமும் வெட்டும்போது மகிழ்கிற காது நம்முடையது. 'பொருள்' என்ற சொல்லையே பாருங்கள்: கையில் பிடிக்கிற சாமானும் அதுதான், சொல்லுக்குள் இருக்கிற அர்த்தமும் அதுதான். ஆனால் நம் சிலேடை பெரும்பாலும் பாட்டிலும் பேச்சிலும் தங்கிவிட்டது. சீனர்கள் அதைத் தட்டில் வரைந்தார்கள், பட்டில் நெய்தார்கள், மரத்தில் செதுக்கினார்கள், கல்யாணக் கட்டிலில் பரப்பினார்கள். அவர்கள் மொழியின் அமைப்பும் அதற்கு இடம் கொடுத்தது. தொனிகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், பொதுச் சீன மொழியில் மொத்தம் சுமார் 400 அசைகள்தான். தொனிகளைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 1,300. இந்தச் சிறிய கூட்டுக்குள் ஆயிரக்கணக்கான எழுத்துகள் வாழவேண்டும். ஒரே ஒலியில் பத்து இருபது எழுத்துகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற மொழியில், எந்தப் பொருளின் பெயரும் பக்கத்து வீட்டுச் சொல்லைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும்.

பழைய சீனத் தட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வட்டமாக வளைத்து எழுதிய ஓர் எழுத்து; அதைச் சுற்றி, இறக்கை விரித்த ஐந்து செந்நிற உருவங்கள். முதலில் பட்டாம்பூச்சி என்று தோன்றும். கிட்டே வைத்துப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியும், இறக்கை ஓரத்தின் வளைவு தெரியும். வௌவால். சாப்பாட்டுத் தட்டில் வௌவாலா என்று நாம் தயங்குவோம். வௌவாலும் 'ஃபூ', நல்வாழ்வும் 'ஃபூ'. ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், நோயற்ற நிம்மதி, அறத்தில் பற்று, கடைசியில் காலம் கனிந்து வரும் நல்ல சாவு. நடுவில் இருக்கும் எழுத்து 'நீடுவாழ்க'. தட்டைக் கொடுப்பவர் வாய் திறக்கவே வேண்டாம், தட்டு வாழ்த்திவிடும். சாவையும் ஒரு பேறாக எண்ணி அந்த ஐந்தில் வைத்ததுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கடிகாரத்தில் ஒலியாக வந்தால் அஞ்சுகிறார்கள். நிறைவாழ்வின் முடிவாக வந்தால் அதையே வாழ்த்தில் சேர்க்கிறார்கள்.

கல்யாணக் கட்டிலும் இதே மாதிரிதான். பல பகுதிகளில் புதுமணத் தம்பதியின் படுக்கையில் சீன இலந்தை, நிலக்கடலை, லோங்கன் பழம், தாமரை விதை நான்கையும் தூவுவார்கள். நான்கு பெயரிலிருந்தும் ஒவ்வோர் அசையை எடுத்து வரிசையாகச் சொன்னால் 'சாவ் ஷெங் குய் ஸி', அதாவது 'சீக்கிரமே சீமந்த புத்திரன் பிறக்கட்டும்'. மீன் மிகுதியைச் சொல்லும், பூஜாடி அமைதியைச் சொல்லும், மான் பதவியைச் சொல்லும், சீமைப் பனிச்சை எனப்படும் பெர்சிமன் பழம் எடுத்த காரியம் எல்லாம் நடக்கட்டும் என்னும்.

பணம் கொடுப்பதிலும் நமக்கும் அவர்களுக்கும் ஒரு நுட்பமான வேறுபாடு. நாம் மொய் எழுதும்போது 101, 501 என்று ஒரு ரூபாய் கூட்டி வைப்போம். கணக்கு அதோடு முடிந்துவிடக் கூடாது, வளரவேண்டும் என்பது எண்ணம். சீனர் வீட்டுச் சுபகாரியத்தில் இரட்டைப்படையில்தான் கொடுக்கவேண்டும், நல்லது ஜோடியாக வரட்டும் என்று. ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டுக்குக் கொடுப்பது. நாம் வளர்வதற்காகச் சேர்க்கிற அந்த ஒன்று, அங்கே வேறு கணக்காகிவிடும். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழங்களை இரண்டிரண்டாக இரு கைகளாலும் நீட்டுவதும் இதனால்தான். தென்சீனப் பேச்சுமொழியான கான்டனீஸில் 'கம்' என்றால் அந்தப் பழம், கிட்டத்தட்ட அதே ஒலியில் தங்கமும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவர்களுடைய அங்பாவ் என்னும் சிவப்புப் பண உறை நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் நாம் வைக்கிற உறை சிவப்பை விட்டு ஊதாவுக்கோ மஞ்சளுக்கோ மாறி, மயிலும் குத்துவிளக்கும் அச்சடித்து வருகிறது. மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை கொடுக்கிறார்கள். உறை ஒன்றுதான், ஒவ்வொரு வீடும் தன் மொழியை அதன்மேல் எழுதிக்கொண்டது.

கடிகாரத்துக்குத் திரும்புகிறேன். 2015 ஜனவரியில் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சர் சூசன் கிராமர், தைவானின் தைப்பே நகர மேயர் கோ வென்-ஜேயைச் சந்தித்தபோது ஒரு பாக்கெட் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார். கொடுத்தவருக்கு அது நாடாளுமன்ற மேலவையின் பெருமை தாங்கிய பொருள். செய்தியாளர்கள் மேயரிடம் கேட்டபோது, பழைய இரும்புக் கடையில் போடலாம் என்ற தொனியில் பேசிவிட்டார். அமைச்சர் வருத்தம் தெரிவிக்கவேண்டி வந்தது.

ஆனால் சீன வரலாற்றில் பெரும் பலன் தந்த பரிசுகளில் ஒன்றும் கடிகாரம்தான். 1601-இல் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, மிங் பேரரசர் வான்லிக்குத் தானே மணியடிக்கும் கடிகாரங்களைக் காணிக்கையாக அனுப்பினார். பேரரசருக்கு அவை பிடித்துப்போயின. முடுக்கவும் பழுதுபார்க்கவும் அரண்மனை ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. பெய்ஜிங்கில் தங்க ரிச்சிக்கு வழி பிறந்தது அப்படித்தான். 1610-இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். பின்வந்த பேரரசர்கள் சேர்த்த கடிகாரங்கள் இன்றும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் தனிக் கூடத்தில் இருக்கின்றன. சாதாரண வீட்டுக்கு ஆகாத பொருள் அரண்மனைக்கு ஆகிவந்திருக்கிறது.

இந்த வான்லியின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று சீனாவில் ஓடிக்கொண்டிருக்கும் பண்பாட்டுப் பரிசுப்பொருள் வியாபாரத்தில் அவர் வீட்டுப் பொருள் ஒன்று நடுநாயகமாக நிற்கிறது.

பாரம்பரியச் சாயல் கொண்ட நினைவுப்பொருள்கள் சீனாவுக்குப் புதிதில்லை. பல ஆண்டுகள் அருங்காட்சியகக் கடைகளில் இருந்தவை நமக்கும் பழக்கமான வகை: பெரிய ஜாடியின் சிறிய நகல், வெண்கலப் பாத்திரத்தின் பிசின் வார்ப்பு, சுருள் ஓவியத்தின் அச்சு. விலை அதிகம், வீட்டில் வைக்க இடம் இல்லை, கொடுக்கும்போது சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. இதை உடைத்தது ஒரு ஒட்டுநாடா. 2013-இல் தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகம், பார்சல் ஒட்டும் காகித டேப் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன்மேல் சிவப்பு மையில் பேரரசர் காங்ஷியின் கையெழுத்து: 'ஜென் ஜீதாவ் லெ'. நம் மொழியில் சொன்னால் 'யாம் அறிந்தோம்'. தொலைதூர அதிகாரிகள் அனுப்பிய அறிக்கைகளைப் படித்து, ஓரத்தில் அவர் எழுதிவைத்த குறிப்பு அது. 'ஜென்' என்ற தன்மைச் சொல்லைச் சீனத்தின் முதல் பேரரசர் தன் பதவிக்கென ஒதுக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு வேறு யாரும் தன்னைக் குறிக்க அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தச் சொல்லை இப்போது ஒரு கல்லூரி மாணவி தோழிக்கு அனுப்பும் பொட்டலத்தில் ஒட்டலாம். டேப் விற்றுத் தீர்ந்தது. அங்கே விற்றது அரசரின் குரல். நகல் ஜாடியில் அந்தக் குரல் இல்லை.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம் இதைக் கூர்ந்து கவனித்தது. 2012 முதல் 2019 வரை அதன் இயக்குநராக இருந்த ஷான் ஜிஷியாங், அன்றாடம் கையில் புழங்குகிற பொருளாக இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அரசவை மணிமாலை வடிவத்தில் இயர்போன், அரண்மனைச் சுவர்ச் சிவப்பில் நாட்குறிப்பு, 2018 இறுதியில் உதட்டுச்சாயம் என்று வந்துகொண்டே இருந்தன. 2017-இல் அதன் பண்பாட்டுப் பொருள்களின் விற்பனை 150 கோடி யுவானைத் தொட்டது.

இதற்குப் பின்னால் கொள்கைக் காரணங்களும் உண்டு. 2008 தொடங்கி சீன அரசு பொது அருங்காட்சியகங்களை இலவசமாகத் திறக்கத் தொடங்கியது. கூட்டம் பெருகியது, நுழைவுச்சீட்டு வருமானம் இல்லாமல்போனது. 2016-இல் சீன மத்திய அமைச்சரவை, அருங்காட்சியகங்கள் தம் சேகரிப்பை வைத்துப் பண்பாட்டுப் பொருள்களை உருவாக்கலாம் என்று முறையாக வழிகாட்டியது. பொம்மையும் காந்தமும் பையும் செய்து தரக் கிழக்குக் கடற்கரை மாகாணங்களின் பட்டறைகள் ஏற்கெனவே காத்திருந்தன; அதே ஆட்கள்தான் உலகம் முழுவதற்கும் சாவிக்கொத்து செய்துகொண்டிருந்தார்கள். இத்தனையும் சேர்ந்தாலும் கடையைத் திறக்கத்தான் முடியும். வாங்குகிறவர் மனதில் ஒரு பசி இருக்கவேண்டும். அந்தப் பசி எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் வான்லியின் கல்லறைக்குப் போகவேண்டும்.

பெய்ஜிங்குக்கு வடக்கே மிங் அரசர்களின் கல்லறைப் பள்ளத்தாக்கு. அதில் டிங்லிங் என்பது வான்லியும் அவருடைய இரு பேரரசிகளும் துயின்ற இடம். 1956-இல் அகழத் தொடங்கி, 1957-இல் நிலத்தடி மண்டபத்தைத் திறந்தார்கள். பட்டுகளைக் காக்கும் தொழில்நுட்பம் அன்று கைவசம் இல்லை. வெளிக்காற்று பட்டுப் பல துணிகள் நிறம் மங்கி, விறைத்து, நொறுங்கின. அதன்பின் அரசக் கல்லறைகளைத் தாமாகப் போய்த் தோண்டுவதில்லை என்று சீனா முடிவெடுத்தது. அந்த மண்டபத்திலிருந்து நான்கு கிரீடங்கள் கிடைத்தன. பேரரசி ஷியாவ்துவானின் கிரீடங்களில் ஒன்று ஒன்பது டிராகன்களும் ஒன்பது ஃபீனிக்ஸ் பறவைகளும் கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட செம்மணிகள், 5,000-க்கும் அதிகமான முத்துகள், எடை இரண்டு கிலோவுக்கு மேல். அதன் நீலம் எனாமலும் இல்லை, சாயமும் இல்லை. மீன்கொத்தியின் இறகைத் துண்டு துண்டாக வெட்டி உலோக வளையங்களுக்குள் ஒட்டியது. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இறகு நீலமாகவே இருக்கிறது.

1966 ஆகஸ்ட். மாவோவின் பத்தாண்டுப் பண்பாட்டுப் புரட்சி தொடங்கிய ஆண்டு. பழைய சிந்தனை, பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய பழக்கம் நான்கையும் ஒழிக்கப் புறப்பட்ட இளைஞர் படையினரான செங்காவலர்கள் டிங்லிங்குக்கு வந்தார்கள். வான்லியின் எலும்புகளையும் இரு பேரரசிகளின் எலும்புகளையும் முற்றத்துக்கு இழுத்துவந்து, குற்றம் சாட்டி, கல்லால் நொறுக்கித் தீயிட்டார்கள். ஷியாவ்துவானின் உடலில் இன்று எதுவும் மிச்சமில்லை. கிரீடம் தப்பியது.

2024 ஜூலையில், பெய்ஜிங்கிலுள்ள சீனத் தேசிய அருங்காட்சியகம் அந்தக் கிரீடத்தை ஒரு குளிர்சாதனப்பெட்டிக் காந்தமாகச் செய்து விற்பனைக்கு விட்டது. ஓராண்டுக்குள் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்க நீண்ட வரிசைகள், ஆளுக்கு இத்தனைதான் என்ற கட்டுப்பாடு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். தாத்தா பாட்டி எரித்ததையோ எரிவதைப் பார்த்துப் பேசாமல் நின்றதையோ அவர்கள் கண்டதில்லை. வீட்டில் கைமாறி வரவேண்டிய பொருள்கள் பல குடும்பங்களில் அந்தப் பத்தாண்டில் அறுந்துபோயின: குலப்பதிவேடு, மூதாதையர் பலகை, பாட்டியின் கொண்டை ஊசி. அம்மாவிடமிருந்து வராததை அருங்காட்சியகக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். இதை வெறும் மோகம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூதாதையர் பெட்டியைத் திறந்து எடுக்க முடியாத ஒரு தலைமுறை வேறு எங்கே போகும்?

இந்தப் பொருள்களில் எது ஓடும், எது தங்கும் என்பதற்குப் பழைய சிலேடைதான் இன்னும் நல்ல அளவுகோல். கான்சு மாகாண அருங்காட்சியகத்தில் உலகப் புகழ் பெற்ற வெண்கலக் குதிரை ஒன்று இருக்கிறது. 1969-இல் வூவெய் ஊரின் லெய்தாய் கல்லறையில் கிடைத்தது. பறக்கிற பறவையின் முதுகில் ஒற்றைக் குளம்பை ஊன்றிப் பாய்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் கம்பீரம். நேர் முன்னால் நின்று பார்த்தால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகம். 2022-இல் அருங்காட்சியகம் அந்த முன்முகத்தைப் பிடித்துப் பச்சை நிறத்தில் ஒரு பஞ்சுபொம்மை செய்தது. காலுக்கடியில் அந்தப் பறவையும் உண்டு. விற்ற வேகத்தில் கையிருப்பு தீர்ந்தது. சிரித்த முகம் ஒரு காரணம்தான். அது கொரோனா காலம். கைபேசியில் சுகாதாரக் குறியீடு பச்சையாக இருந்தால்தான் ரயில் ஏறலாம், அலுவலகம் போகலாம், சிவப்பானால் அடைபடவேண்டியதுதான். பச்சைக் குறியீட்டுக்கு 'லூ மா' என்று பெயர். பச்சைக் குதிரையும் 'லூ மா', தொனிகூட மாறவில்லை. நண்பனுக்கு அந்தப் பொம்மையைக் கொடுத்தவர் 'உன் குறியீடு பச்சையாகவே இருக்கட்டும்' என்று வாழ்த்திவிட்டார். தட்டில் வௌவால் வரைந்தவனின் கை இது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது.

எல்லாமே இப்படி இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் அதே விசிறி, அதே பாண்டா, அதே டிராகன் போட்ட சாவிக்கொத்து. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தவை. ஒரு பொருள் பெயர்பெற்ற சில நாளிலேயே இணையச் சந்தையில் போலி வந்துவிடுகிறது. அதைவிட என்னை வருத்துவது, வடிவம் ஊரெங்கும் பரவும்போது கைவினை கூடவே வராதது. இறகு ஒட்டும் கலை அறிந்த கைகள் சிலவே. மீன்கொத்தி பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் இன்று வேறு பறவை இறகைச் சாயமிட்டோ பட்டு நூலைக்கொண்டோ அந்த நீலத்தைத் தேடுகிறார்கள். காந்தம் எத்தனை லட்சம் விற்றாலும் அந்தப் பட்டறையில் ஒரு சீடன்கூடச் சேரப்போவதில்லை, விற்ற பணத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றே அங்கே போனாலொழிய.

வாங்கும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இதைக் கொடுக்கும்போது சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறதா? அந்தக் கேள்விக்கு நான் கண்ட ஆக அழகான பதில் சீனாவின் சூச்சோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அருங்காட்சியகத்தை ஒட்டிய பழைய மாளிகை முற்றத்தில் ஒரு விஸ்டீரியா கொடி. ஓவியர் வென் ஜெங்மிங் தன் கையால் நட்டது என்பது வழிவழி வந்த செய்தி. அவர் 1470 முதல் 1559 வரை வாழ்ந்தவர், சூச்சோவின் மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவர். அடிமரம் முறுக்கிக் கிடக்கிறது. வசந்தத்தில் முற்றம் முழுக்க ஊதாக் கொத்துகள் தொங்கும். இலையுதிர் காலத்தில் காய்களைப் பறித்து, விதையெடுத்து, தேறியவற்றைப் பொறுக்கி, சிறு பெட்டிகளில் போட்டு விற்கிறார்கள். பெட்டிக்கு மூன்று விதை. கொடி எவ்வளவு காய்க்கிறதோ அவ்வளவுதான் சரக்கு. அடுத்த தவணைக்கு அடுத்த பருவம்வரை காத்திருக்கவேண்டும்.

தட்டையான, பழுப்பு நிற, நாணயம் போன்ற விதைகள். விதையிலிருந்து வளர்க்கும் விஸ்டீரியா பூக்கப் பத்தாண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.